சின்னஞ்சிறு ரோபோக்களின் மூளை: நுண்கட்டுப்படுத்தி வந்த கதை

இராமேசுவரம் செல்லும் ரயில் கடலுக்குள் இறங்குவதற்கு முன் நிற்கும் கடைசி ஊர் மண்டபம். 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தைப் பற்றி எழுதுபவர்கள் அதன் வயதையும் நீளத்தையும் 1964 புயலையும் சொல்லுவார்கள். அதில் இருந்த ஒரு சிறு கருவியைப் பலரும் சொல்வதில்லை. பாலத்தின் மேல் ஒரு காற்றுவேகமானி பொருத்தப்பட்டிருந்தது. காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்பாகிவிடும். காற்று தணியும் வரை வண்டி கரையில் காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் அதே பாலத்தின் நடுவே கப்பலுக்கு வழிவிடும் ஷெர்சர் தூக்குப் பகுதியைக் கடைசி வரை ஆட்கள்தான் கைகளால் சுழற்றித் திறந்தார்கள்!

ஒரே பாலத்தில் ஒரு பகுதி தானே உணர்ந்து முடிவெடுத்தது. இன்னொரு பகுதி மனிதர்களின் தோள் பலத்தில் அசைந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ரோபோ என்றால் என்ன என்பது விளங்கிவிடும். உணர வேண்டும், முடிவெடுக்க வேண்டும், அசைய வேண்டும். (பழைய பாலத்தில் ரயில் போக்குவரத்து 2022 டிசம்பரில் நின்றுவிட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதியை மோட்டார்கள் 17 மீட்டர் உயரத்திற்குச் செங்குத்தாகத் தூக்குகின்றன.)

கல்லூரி மாணவர்கள் மேசை மேல் ஓடவிடும் சிறு ரோபோவும் இதையேதான் செய்கிறது. வெள்ளைத் தாளில் ஒட்டிய கறுப்பு நாடாவை அகச்சிவப்பு சென்சார் பார்க்கிறது, ஒரு சில்லு முடிவெடுக்கிறது, இரண்டு மோட்டார்கள் சுழல்கின்றன. முடிவெடுக்கும் அந்தச் சில்லுதான் மைக்ரோகன்ட்ரோலர் எனப்படும் நுண்கட்டுப்படுத்தி. கணிக்கும் பகுதி, நிரலைச் சேமிக்கும் நினைவகம், வேலை செய்யும்போது எண்களை வைத்துக்கொள்ளும் நினைவகம், வெளியுலகத்தைத் தொடும் கால்கள் ஆகிய அனைத்தும் ஒரே சில்லுக்குள் அடங்கிய குட்டிக் கணினி அது. அதன் வரலாற்றை வேகம், நினைவகம் என்று எண்களால் சொல்வதுதான் வழக்கம். ஆனால் பொழுதுபோக்காக ரோபோ செய்பவர்களுக்கு அவற்றைவிட முக்கியமான எண் வேறொன்று இருக்கிறது. நிரலில் ஒரு தவறு செய்தால் அதைத் திருத்த எவ்வளவு பணமும் நேரமும் ஆகும் என்பதே அது.

முதல் பொழுதுபோக்கு ரோபோக்களுக்கு நிரலே கிடையாது. 1948-49 வாக்கில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கிரே வால்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் எல்மர், எல்சி என்று இரண்டு இயந்திர ஆமைகளைச் செய்தார். ஒவ்வொன்றிலும் இரண்டே வால்வுகள், வெளிச்சத்தை அறிய ஓர் உணரி, மோதலை அறிய ஓர் உணரி. அவை வெளிச்சத்தைத் தேடிப் போயின, தடை வந்தால் விலகின. ஆனால் ஆமையின் குணத்தை மாற்ற வேண்டுமானால் சாலிடரிங் கோலை எடுத்துச் சுற்றையே மாற்ற வேண்டும். 1967ல் சீமோர் பேப்பர்ட், வாலி ஃபயர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோர் குழந்தைகளுக்காக லோகோ என்ற நிரல் மொழியை உருவாக்கினார்கள். பின்னர் அதன் கட்டளைக்கு ஏற்பத் தரையில் ஓடும் ஆமை ரோபோவும் வந்தது. இங்கே குணம் நிரலுக்கு மாறியது உண்மை. ஆனால் மூளை ஆமைக்குள் இல்லை, கம்பியின் மறுமுனையில் இருந்த பெரிய கணினியில் இருந்தது.

மூளை ஆமைக்குள் போகும் அளவுக்குச் சுருங்கியது 1970களில். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் கேரி பூன், மைக்கேல் காக்ரன் ஆகிய பொறியாளர்கள் 1971ல் கால்குலேட்டருக்காக ஒற்றைச் சில்லுக் கணினியை உருவாக்கினார்கள். அதன் வழிவந்த டிஎம்எஸ் 1000 என்ற நுண்கட்டுப்படுத்தி 1974ல் விற்பனைக்கு வந்தது. பொம்மைகளிலும் வீட்டுச் சாதனங்களிலும் புகுந்த இது தனிமனிதருக்குப் பயன்படவில்லை. காரணம், அதன் நிரல் தொழிற்சாலையில் சில்லு அச்சாகும்போதே பொறிக்கப்பட்டுவிடும். ஆயிரக்கணக்கில் வாங்கும் நிறுவனத்திற்குத்தான் அது கட்டுபடியாகும். ஒரு தவறு என்றால் அந்த ஆயிரக்கணக்கான சில்லுகளும் குப்பைக்குத்தான்.

அடுத்து வந்ததுதான் ஜன்னல் வைத்த சில்லு. இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமன் 1971ல் கண்டுபிடித்த இபிராம் நினைவகத்தில் எழுதியதைப் புற ஊதா ஒளியால் அழிக்கலாம். அதற்காகச் சில்லின் முதுகில் வட்டமான குவார்ட்ஸ் ஜன்னல் இருக்கும். இன்டெல் 8048 குடும்பத்தில் 8748, 1980ல் வந்த 8051 குடும்பத்தில் 8751 என்று ஜன்னல் வைத்த வகைகள் வெளிவந்தன. நிரல் தவறா? சில்லைப் பலகையிலிருந்து பிடுங்கி, அழிப்பான் பெட்டிக்குள் வைத்து, 15, 20 நிமிடம் ஒளி காட்டி, எழுதும் கருவியில் பொருத்தி, மீண்டும் எழுதிப் பலகையில் செருக வேண்டும். கால் ஒன்று மடங்கினால் கதை முடிந்தது. எழுதிய பின் ஜன்னல் மேல் ஒரு ஸ்டிக்கரும் ஒட்ட வேண்டும். நேரடி வெயிலில் ஒரு வாரம் போல இருந்தாலே நினைவு அழிந்துபோகலாம் என்று விவரக்குறிப்புகள் எச்சரித்தன. இராமநாதபுரத்து வெயிலுக்கு அந்த எச்சரிக்கை பொருத்தமானதுதான்!

8051 பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். 4 கிலோபைட் நிரல் இடம், 128 பைட் தற்காலிக நினைவகம், வெளியுலகிற்கு 32 கால்கள். 128 பைட் என்பது எவ்வளவு சிறியது? யூனிகோடில் ஒரு தமிழ்க் குறியீடு வழக்கமாக 3 பைட் பிடிக்கும். ஆகவே ஒரு திருக்குறளை அதற்குள் அடக்குவதே கடினம். இருந்தும் அந்த இடத்திற்குள் நின்று ரோபோக்கள் வளைந்தன, நின்றன, சுவரைத் தவிர்த்தன. 8051 அமைப்பைப் பல நிறுவனங்கள் உரிமம் பெற்றுத் தயாரித்ததால் அது எங்கும் கிடைத்தது. தமிழக பொறியியல் கல்லூரிகளில் 8085, 8086 ஆகியவற்றோடு 8051ம் பாடமாக நிலைத்துவிட்டது. வெளியுலகம் வேறு சில்லுகளுக்குப் போன பிறகும் தேர்வுத்தாளில் அது நீண்ட காலம் தங்கியது. பழையது என்று இதைக் கேலி செய்பவர்கள் உண்டு. உள்ளே நடப்பதை ஒவ்வொரு பிட்டாகப் புரிந்துகொள்ள அதைப் போல எளிய சில்லு வேறு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

உண்மையான திருப்பம் 1993ல் நிகழ்ந்தது. மின்சாரத்தாலேயே அழித்து எழுதக்கூடிய நினைவகத்துடன் மைக்ரோசிப் நிறுவனத்தின் பிக் 16சி84 வந்தது. தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா 1984ல் அறிமுகப்படுத்திய ஃபிளாஷ் நினைவகத்தை 8051க்குள் வைத்து அட்மெல் நிறுவனம் 89சி51 சில்லை வெளியிட்டது. ஜன்னல் போயிற்று, அழிப்பான் பெட்டி போயிற்று. 20 நிமிடக் காத்திருப்பு சில நொடிகளாகச் சுருங்கியது. 89சி51 சில்லை 1000 முறை அழித்து எழுதலாம் என்று அட்மெல் உறுதி கூறியது. ஒரு மாணவர் தினமும் மூன்று முறை தவறு செய்தாலும் ஏறக்குறைய ஒரு வருடம் தாங்கும்!

இதே காலத்தில் நார்வேயின் டிரான்ட்ஹைம் நகரில் ஆல்ஃப் எகில் போகன், வேகார்ட் வோலன் என்ற இரு பொறியியல் மாணவர்கள் புதிய சில்லு வடிவமைப்பு ஒன்றில் ஈடுபட்டிருந்தார்கள். அதுவே பின்னர் அட்மெல்லின் ஏவிஆர் குடும்பமாக 1997ல் சந்தைக்கு வந்தது. சில்லைப் பலகையிலிருந்து கழற்றாமலேயே சில கம்பிகள் வழியாக நிரலை ஏற்றலாம் என்பதும், அதற்கான சி மொழிக் கருவிகள் இலவசமாகக் கிடைத்ததும் ஏவிஆரை மாணவர்களின் செல்லப்பிள்ளை ஆக்கின. சென்னை ரிச்சி தெருவில் அட்மெகா 8, அட்மெகா 16 என்று கேட்டு வாங்கி, கணினியின் பிரின்டர் போர்ட்டில் நாலைந்து கம்பிகளை இணைத்து நிரல் ஏற்றிய தலைமுறை ஒன்று உண்டு. அவர்களுக்குக் கிடைத்த முதல் பாடம் பெரும்பாலும் நிரலில் இருக்காது. ஏவிஆர் சில்லின் ஒரு கால் 20 மில்லிஆம்பியர் அளவுக்கே மின்னோட்டம் தரும். மோட்டாருக்கு அதைப் போலப் பல மடங்கு வேண்டும். நடுவே எல்293டி போன்ற இயக்கிச் சில்லு இல்லாமல் நேரடியாக இணைத்தால் மோட்டார் ஓடாது, சில்லு வெந்துபோகும்.

இந்தியாவில் இந்த ஆர்வத்தைத் தூண்டியதில் ரோபோகான் போட்டிக்குப் பங்கு உண்டு. ஆசிய பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் 2002ல் டோக்கியோவில் தொடங்கிய இந்தப் போட்டி 2008ல் புனே நகரில் நடந்தது. அந்த ஆண்டுக் கருப்பொருள் கோவிந்தா, அதாவது நம்மூர் உறியடியை ஒத்த விளையாட்டு! சென்னை ஐஐடியில் மாணவர்கள் தாங்களே கருவிகளைச் செய்து பார்ப்பதற்கான புத்தாக்க மையம் திறக்கப்பட்டதும் அதே 2008ல்தான்.

பொறியியல் படிக்காதவர்களுக்கும் கதவைத் திறந்தது இத்தாலி. இவ்ரியா என்ற சிற்றூரில் இருந்த வடிவமைப்புக் கல்லூரியில் 2003ல் எர்னாண்டோ பார்ரகான் என்ற கொலம்பிய மாணவர் தமது முதுகலை ஆய்வுக்காக வயரிங் என்ற எளிய நிரல் சூழலை உருவாக்கினார். அதன் அடிப்படையில் 2005ல் மாசிமோ பான்சி, டேவிட் குவார்ட்டியெல்லெஸ் முதலானோர் ஆர்டுயினோ பலகையை வெளியிட்டார்கள். உள்ளே இருந்தது அதே ஏவிஆர் சில்லுதான். ஊரில் இருந்த ஒரு மதுக்கடையின் பெயர்தான் பலகைக்கு வைக்கப்பட்டது. அந்தக் கடையின் பெயர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இத்தாலியை ஆண்ட மன்னருடையது. ஆர்டுயினோவின் புகழுக்கு முன் பார்ரகானின் பெயர் மங்கிப்போனது சரியல்ல. அவருடைய ஆய்வை எடுத்துவிட்டால் ஆர்டுயினோவின் எளிமையில் பெரும்பகுதி போய்விடும்.

தவறின் விலை இப்படிக் குறைந்துகொண்டே வந்ததன் பலனை இராமேசுவரத்திலேயே காணலாம். 2021 பிப்ரவரி 7 அன்று பள்ளி மாணவர்கள் இணைந்து செய்த 100 மிகச்சிறு கருவிகள் ஹீலியம் பலூன் மூலம் அங்கிருந்து வானில் ஏற்றப்பட்டன. உள்ளங்கைக்குள் அடங்கும் கனசதுரங்கள் அவை. உள்ளே காற்றின் தன்மைகளை அளக்கும் உணரிகள் இருந்தன. செய்திகளில் இவை செயற்கைக்கோள்கள் என்றே அழைக்கப்பட்டன. பலூன் சுற்றுப்பாதைக்குப் போகாது என்பதால் அந்தப் பெயர் சற்றுப் பெரியதுதான். இதற்கு முன் 2017 ஜூன் 22 அன்று கரூர் மாவட்டம் பள்ளப்பட்டியைச் சேர்ந்த ரிஃபாத் ஷாரூக்கின் குழு செய்த 64 கிராம் கலாம்சாட் நாசாவின் ராக்கெட்டில் சிறிது நேரம் பறந்து திரும்பியது. பெயர் எதுவானாலும், பள்ளி மாணவர்கள் உணரியைப் படித்துப் பதிவு செய்யும் கருவியைச் செய்வது 8751 காலத்தில் நினைத்தும் பார்க்க முடியாத காரியம்.

சில்லே இங்கு பிறக்கவும் தொடங்கியிருக்கிறது. பேராசிரியர் காமகோடி தலைமையில் சென்னை ஐஐடியில் உருவான சக்தி செயலிகள் 2018ல் சில்லு வடிவம் பெற்றன. சிடாக் நிறுவனத்தின் தேஜஸ்32 சில்லும் அதை வைத்த ஏரீஸ் பலகைகளும் வந்தன. அந்த ஐஐடியின் ஆதரவில் வளர்ந்த மைண்ட்குரோவ் நிறுவனம் 2024ல் தன் நுண்கட்டுப்படுத்தியை அறிவித்தது. ஆனால் மாணவரின் மேசையில் ஆர்டுயினோவை விரட்ட இவற்றுக்கு விலை மட்டும் போதாது. சந்தேகம் வந்தால் விடை கிடைக்கும் அளவுக்குப் பயிற்சிக் குறிப்புகள் பெருக வேண்டும்.

இனி மேசையை விட்டுக் கடலுக்கு வரலாம். தமிழகப் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்கள் மிக அதிகமாகச் செய்த திட்டங்களில் ஒன்று மீனவர் எல்லை எச்சரிக்கைக் கருவி. 8051, பிக், ஆர்டுயினோ என்று சில்லு மாறினாலும் திட்டம் மாறவில்லை. படகில் ஒரு ஜிபிஎஸ் கருவி, ஒரு நுண்கட்டுப்படுத்தி, ஒரு மணி. கடல் எல்லை நெருங்கினால் மணி ஒலிக்கும். 2000 மே மாதம் அமெரிக்கா ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே கலந்து வந்த பிழையை நீக்கியது. அதன் பிறகு சாதாரண மக்களுக்கும் சில மீட்டர் முதல் சில பத்து மீட்டர் வரை துல்லியம் கிடைத்ததால்தான் இது சாத்தியமானது. தவறினால் கைது, சிறை, படகு பறிமுதல் என்று போகும் இடத்தில் வைக்கப்படும் கருவி என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது.

பாக் நீரிணையில் இந்திய இலங்கை எல்லை 1974 ஜூன் மாத ஒப்பந்தத்தில் ஆறு புள்ளிகளால் வரையப்பட்டது. அது நேர்கோடு அல்ல. மூன்றாம் புள்ளி 79 டிகிரி 22.60 நிமிடத் தீர்க்கரேகையிலும், அதற்குத் தெற்கே நான்காம் புள்ளி 79 டிகிரி 30.70 நிமிடத்திலும் உள்ளன. கச்சத்தீவுக்கு மேற்கே போவது இந்தப் பகுதிதான். நிரல் எழுதுபவர் சோம்பல்பட்டு ஒரே ஒரு தீர்க்கரேகை எண்ணைத் தாண்டினால் மணி அடி என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? நான்காம் புள்ளியின் எண்ணை வைத்திருந்தால், வடக்கே மூன்றாம் புள்ளி அருகே படகு எல்லையைத் தாண்டி ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உள்ளே போன பிறகுதான் மணி ஒலிக்கும். படகு நிற்கும் அட்சரேகையில் எல்லைக்கோடு எங்கே வருகிறது என்று இரு புள்ளிகளுக்கு இடையே விகிதக் கணக்குப் போட்டு ஒப்பிடுவதே சரியான முறை. எட்டாம் வகுப்புக் கணக்குதான் அது.

அதைவிட நுட்பமான பொறி ஒன்று உண்டு. ஜிபிஎஸ் கருவி நொடிக்கு ஒரு முறை எழுத்துகளாக அனுப்பும் வரியில் இடம் டிகிரி, நிமிடம் என்ற வடிவில் வரும். 9 டிகிரி 30 நிமிடம் என்பது 9.5 டிகிரி. அதை 9.30 என்று படித்துவிட்டால் பிழை 0.2 டிகிரி, அதாவது 12 கடல்மைல், சுமார் 22 கிலோமீட்டர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள தூரமே சுமார் 30 கிலோமீட்டர்தான்! இன்னொன்று, ஏவிஆரில் சாதாரண முழு எண் 32,767 வரைதான் போகும். 79 டிகிரி 32 நிமிடம் என்பது 4772 நிமிடம். தசமத்தைக் காப்பாற்ற அதைப் பத்தால் பெருக்கினாலே 47,720 ஆகி, எண் வழிந்து எதிர்மறையாகிவிடும். மேசை மேல் இவற்றைச் சோதிப்பது கடினம், ஏனென்றால் கல்லூரி ஆய்வகம் எல்லையிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது. மணி அடிக்காமல் இருப்பதுதான் அங்கே சரியான விடை. தவறான நிரலும் அங்கே அமைதியாகத்தான் இருக்கும்.

இத்திட்டங்கள் பலவற்றில் இன்னொரு வசதியும் சேர்க்கப்பட்டது. எல்லை வந்தால் எஞ்சினைத் தானாக நிறுத்திவிடுவது. மாதிரிப் பலகையில் மோட்டார் நிற்பதைக் காட்ட இது அழகாக இருக்கும். காற்றடிக்கும் கடலில் எஞ்சின் நின்ற படகு நீரோட்டம் இழுத்த பக்கம்தான் போகும், அது எல்லைக்கு அந்தப் பக்கமாகவும் இருக்கலாம். மேலும் எல்லை எங்கே என்று தெரியாததால்தான் மீனவர்கள் தாண்டுகிறார்கள் என்ற எண்ணமே முழு உண்மை அல்ல. மீன் எந்தப் பக்கம் கிடைக்கிறது என்பதும், இழுவை மடி பற்றிய நெடுநாள் சச்சரவும், இலங்கை 2017ல் அதைத் தடை செய்ததும் மணி அடித்துத் தீரும் விஷயங்கள் அல்ல. மூடுபனியிலும் இரவிலும் வழி தவறுபவருக்கு மட்டுமே மணி உதவும். அவர்களுக்காவது அது சரியான இடத்தில் ஒலிக்க வேண்டும்.

மாணவர் திட்டங்களில் இருந்த இந்த எண்ணம் பின்னர் அரசுக் கருவிகளிலும் வந்தது. 2019 அக்டோபரில் ஐதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஜெமினி கருவி செயற்கைக்கோள் வழியே வானிலை எச்சரிக்கையைப் படகில் உள்ள செல்பேசிக்குக் கொடுத்தது. ஆனால் படகிலிருந்து பதில் அனுப்ப அதில் வழி இல்லை. 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட டிரான்ஸ்பாண்டர் திட்டத்தில் இஸ்ரோவின் தொழில்நுட்பத்தால் அந்தக் குறை நீங்கியது. அத்திட்டம் 13 கடலோர மாநிலங்கள் மற்றும் யூனியன் பிரதேசங்களின் 1 லட்சம் படகுகளுக்கானது. படகு ஆபத்தில் இருந்தால் கரைக்குச் செய்தி போகும், கடல் எல்லையை நெருங்கினால் படகில் எச்சரிக்கை வரும்.